விழ மறுக்கும் கியர்

காரில் கியர் இறுக்கமாக இருக்கிறது என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் பெரும்பாலும் கிடைப்பது ஒரே பதில்: "கியர்பாக்ஸை இறக்கித்தான் பார்க்கணும் சார்." இறக்கி ஏற்றும் கூலியே கணிசமாக வரும். இறக்கியதோடு கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றிவிடுவார்கள். சில வண்டிகளுக்கு அது உண்மையிலேயே தேவைப்படும் வேலை. ஆனால் ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல், காலையும் கையையும் காதையும் கொண்டே, கோளாறு கிளட்ச் பக்கமா, கியர் லிவரின் கேபிளிலா, கியர்பாக்ஸுக்கு உள்ளேயா என்று பிரித்துச் சொல்லிவிட முடியும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்காமலேயே ஸ்பேனரைக் கையில் எடுத்துவிடுகிறோம் என்பதே என் வருத்தம்.

இத்தனைக்கும் அடிப்படை இயற்பியல் எளிமையானது. லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையிலுள்ள கேபிளை விட்டுவிட்டால், கியர் மறுப்பதற்கு ஒரே காரணம்தான் உண்டு: ஒன்று சேர வேண்டிய இரண்டு பகுதிகள் ஒரே வேகத்துக்கு வரவில்லை. நிற்க வேண்டிய ஏதோ ஒன்று இன்னும் சுழல்கிறது, அல்லது அதன் வேகத்தைச் சரிக்கட்ட வேண்டிய பாகம் தன் வேலையைச் செய்யவில்லை. எது சுழல்கிறது, யார் சுற்றுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி ரிப்பேர் முடிந்தது.

லிவரை அசைக்கும்போது பல்சக்கரங்கள் நகர்ந்து போய் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதாகப் பலரும் நினைக்கிறார்கள். இன்றைய கார்களில் அப்படி இல்லை. முன்னோக்கிச் செல்லும் கியர்களின் பற்கள் எல்லாம் எந்நேரமும் ஜோடி ஜோடியாகப் பொருந்தியே இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தன் ஷாஃப்டோடு இறுகியிருக்கும். மற்றது தன் ஷாஃப்டின் மேல் சும்மா உருண்டுகொண்டிருக்கும். நாம் லிவரைத் தள்ளும்போது உள்ளே ஒரு ஃபோர்க், ஸ்லீவ் என்ற பல்வளையத்தை நகர்த்துகிறது. அந்த ஸ்லீவ், சும்மா உருளும் சக்கரத்தின் பக்கவாட்டிலுள்ள சின்னஞ்சிறு பற்களின் மேல் ஏறி, சக்கரத்தையும் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டுகிறது. கியர் விழுவது என்பது இந்தப் பூட்டுதான்.

பூட்டு விழ இரண்டும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். ஒரு சிறிய காரின் முதல் கியர் விகிதம் 3.5, இரண்டாவது 1.9 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் இருக்கும்போது முதலிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றுகிறீர்கள். சக்கரங்களோடு இணைந்த அவுட்புட் ஷாஃப்ட் அப்போது ஏறத்தாழ 860 சுற்றில் ஓடும். வண்டியின் முழு எடையும் அதன் பின்னால் இருப்பதால் அது சட்டென்று மாறாது. அதே வேகத்தில் இரண்டாவது கியர் பூட்ட, இன்புட் ஷாஃப்ட் 1,630 சுற்றுக்கு இறங்கியாக வேண்டும். அதாவது இன்புட் ஷாஃப்டும், அதன் முனையில் உட்கார்ந்திருக்கும் கிளட்ச் பிளேட்டும், அதோடு சேர்ந்து சுழலும் சக்கரங்களும் அரை விநாடிக்குள் சுமார் 1,370 சுற்றை இழக்க வேண்டும்.

ஒரு காலத்தில் இதை ஓட்டுநரின் காலும் காதும்தான் செய்தன. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, எஞ்சின் வேகத்தைக் கணித்து, மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போடும் 'டபுள் கிளட்ச்' வித்தையைப் பழைய லாரி ஓட்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வித்தையை இயந்திரத்துக்குள் வைத்தவர் அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் தாம்ப்சன். அவர் உருவாக்கிய சிங்க்ரோமெஷ் அமைப்பு, 1928-இல் அறிமுகமான 1929 மாடல் காடிலாக் கார்களில் முதன்முதலாக வந்தது. கியர் மாற்றுவதை எளிதாக்குவதோடு அவர் நின்றுவிடவில்லை. மாற்றவே தேவையில்லாத ஹைட்ராமேட்டிக் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை உருவாக்கிய குழுவுக்கும் பின்னாளில் அவரே தலைவர்.

சிங்க்ரோ செய்வதைப் புரிந்துகொள்ள, ஓடும் பேருந்தில் ஏறும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் முதலில் பேருந்தின் வேகத்துக்குக் கூடவே ஓடுகிறார். வேகம் ஒத்துப்போன பிறகே கம்பியைப் பிடிக்கிறார். சிங்க்ரோவில் அந்தக் கூட ஓடும் வேலையைச் செய்வது பெரும்பாலும் பித்தளையில் செய்த ஒரு வளையம். வளையத்தின் உட்புறம் கூம்பு வடிவம். சக்கரத்தின் தோளிலும் அதற்கேற்ற கூம்பு. லிவரைத் தள்ளினால் முதலில் இந்த இரண்டு கூம்புகளும் உரசுகின்றன. உராய்வு, வேகத்தைச் சமப்படுத்தத் தொடங்குகிறது.

இந்த அமைப்பின் அழகு அடுத்த படியில் இருக்கிறது. வளையத்தின் வெளி விளிம்பில் கூர்முனைப் பற்கள் உண்டு. வேக வேறுபாடு இருக்கும்வரை உராய்வு அந்த வளையத்தைச் சற்றே ஒரு பக்கம் திருப்பிப் பிடித்திருக்கும். அப்போது அதன் பற்கள் ஸ்லீவின் பாதையை மறித்து நிற்கின்றன. எவ்வளவு தள்ளினாலும் வழி விடாது. வேகம் சமமான அந்தக் கணத்தில் உராய்வின் திருப்புவிசை மறைந்துவிடுகிறது; வளையம் தளர்கிறது; ஸ்லீவ் அதை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பூட்டுகிறது. மின்சாரமோ சென்சாரோ இல்லாமல், இன்னும் நேரம் வரவில்லை என்று சொல்லத் தெரிந்த ஒரு உலோக வளையம்!

ஆகவே கையில் நாம் உணரும் இறுக்கம், பெரும்பாலும் இந்த வளையம் மறித்து நிற்பதன் அழுத்தம்தான். அது கோளாறு அல்ல, காவல். அந்தக் காவல் தோற்று, வேகம் ஒத்துப்போகாமலேயே ஸ்லீவ் உள்ளே புகுந்தால்தான் 'கர்ர்ர்' என்று கியர் கடிக்கும் சத்தம் கேட்கும். இறுக்கமாக இருக்கிறதா, கடிக்கிறதா என்பது ஒர்க்‌ஷாப்பில் சொல்ல வேண்டிய முதல் தகவல். இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிட்டால் மெக்கானிக் திசை தவறிப்போவார்.

வேகமாக மாற்றினால் கொஞ்சம் இறுக்கம் இருக்கத்தான் செய்யும். கூம்பில் உண்டாகும் வெப்பம் வேக வேறுபாட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 3,000 சுற்றில் மாற்றுவதை 6,000 சுற்றில் மாற்றினால் வேறுபாடு இரண்டு மடங்கு, வெப்பம் நான்கு மடங்கு. அதே நேரத்துக்குள் கியர் விழ வேண்டுமென்றால் கை இரண்டு மடங்கு அழுத்த வேண்டும். இது கோளாறல்ல, புதுக் காரிலும் அப்படித்தான்.

இப்போது, மிதித்த பிறகும் கிளட்ச் முழுதாக விலகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்குகள் இதை 'கிளட்ச் கட் ஆகலை' என்பார்கள். எஞ்சின் இன்புட் ஷாஃப்டை மெல்ல இழுத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். சிங்க்ரோ வளையம் அதை நிறுத்தப் பார்க்கும், எஞ்சின் விடாது. வேகம் சமமாகவே ஆகாததால் வளையமும் வழிவிடாது. வெளியில் நமக்குத் தெரிவது கியர் இறுக்கம் மட்டும். நாம் கியர்பாக்ஸைச் சந்தேகிக்கிறோம். கியர்பாக்ஸோ தன் கடமையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. பலத்தால் அடித்து அடித்துக் கியர் போட்டுக்கொண்டே ஆறு மாதம் ஓட்டினால், அந்தப் பித்தளை வளையம் உண்மையிலேயே தேய்ந்துபோகும். சில நூறு ரூபாய் ரப்பர் சீலின் கோளாறு, கியர்பாக்ஸைப் பிரிக்கும் செலவாக வளர்வது இப்படித்தான்.

சோதனையை எஞ்சினை அணைத்துவிட்டுத் தொடங்க வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்சை மிதித்து எல்லாக் கியர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எப்போதாவது ஒரு கியர் முட்டி நின்றால் பதற வேண்டாம். இரண்டு பல்வரிசைகளின் முனையும் நேருக்கு நேர் நின்றிருக்கும்; வேறொரு கியரைப் போட்டு எடுத்துவிட்டு மறுபடி முயன்றால் விலகிவிடும். எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாம் எளிதாக விழுந்து, ஸ்டார்ட் செய்த பிறகு இறுகினால், கேபிளையும் லிவரையும் சந்தேகப்பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். எஞ்சின்தான் எதையோ சுற்றுகிறது. சந்தேகம் கிளட்ச் மேல்.

அதை உறுதிசெய்ய ரிவர்ஸ் கியர் உதவும். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. அதனால் அது எதையும் மறைக்காமல் உள்ளதைச் சொல்லிவிடும். எஞ்சின் ஐடிலில் ஓடட்டும். கிளட்சைத் தரைவரை மிதித்து, ஐந்து முதல் பத்து விநாடி அப்படியே காத்திருங்கள். கிளட்ச் சரியாக விலகியிருந்தால் இன்புட் ஷாஃப்ட் அதற்குள் எண்ணெயின் இழுவையிலேயே நின்றிருக்கும். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும். அத்தனை நேரம் காத்தும் கடித்தால் ஷாஃப்டை எஞ்சின் இன்னும் சுற்றுகிறது என்று பொருள். காத்திருக்காமல் அவசரமாகப் போட்டு வரும் சத்தத்தை வைத்து முடிவுகட்டக் கூடாது. அது நல்ல வண்டியிலும் வரும். ரிவர்ஸுக்கும் சிங்க்ரோ உள்ள வண்டியாக இருந்தால் சத்தத்துக்குப் பதில் இறுக்கம் தெரியும்.

இன்னொரு அடையாளம் சிக்னலில் தென்படும். முதல் கியரில், கிளட்சை முழுதாக மிதித்துக் காத்திருக்கிறீர்கள். வண்டி மெல்ல முன்னால் ஊர முயல்கிறது. அல்லது முதலில் சரியாக நின்று, அரை நிமிடம் கழித்து ஊரத் தொடங்குகிறது. இந்த இரண்டாவது வகையைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அது கிட்டத்தட்ட ஒரே இடத்தைத்தான் காட்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கிளட்ச் ஏன் விலகாமல் போகிறது? அதற்கான அளவுகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பெடல் சுமார் 15 சென்டிமீட்டர் இறங்குகிறது. மறுமுனையில் பிரஷர் பிளேட் விலகுவதோ ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர்தான். கிளட்ச் பிளேட்டின் இரு பக்கங்களும் அதைப் பங்கிட்டுக்கொண்டால் பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தேறாது. பிரஷர் பிளேட்டை அழுத்திப் பிடித்திருக்கும் வலுவான டயாஃப்ரம் ஸ்பிரிங்கை ஒரு காலால் அழுத்த முடிவது, அசைவைக் கொடுத்து விசையை வாங்கும் இந்தப் பேரத்தால்தான். ஆனால் இதனால், பெடல் பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வீணானால்கூட அந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளி சுருங்கிப் பிளேட் உரசத் தொடங்கிவிடும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது தரையை. கிளட்ச் பெடலின் கீழே என்ன இருக்கிறது? கம்பெனி மேட்டின் மேல் தடித்த இன்னொரு மேட்டைப் போட்டிருப்பார்கள். அது முன்னால் நழுவிப் போய்ப் பெடலுக்கு அடியில் மடிந்திருக்கும். பெடல் தரையைத் தொட்டதாகக் கால் நினைக்கும், மேட்டைத்தான் தொட்டிருக்கும். மேட்டை எடுத்துப் பின்சீட்டில் போட்டுவிட்டு மறுபடி ரிவர்ஸ் சோதனையைச் செய்து பாருங்கள். சீட்டை மிகவும் பின்னால் தள்ளி உட்காரும் பழக்கமும் இதே வேலையைச் செய்யும்.

மேட் குற்றவாளி இல்லையென்றால், காலின் அசைவு கிளட்சுக்குப் போகும் வழியைப் பார்க்க வேண்டும். பல கார்களில் அது ஹைட்ராலிக் வழி. பெடல், மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. அங்கிருந்து பிரேக் ஆயில் குழாய் வழியாகப் போய் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. அதிலிருந்து நீளும் ராடு கிளட்ச் ஃபோர்க்கை அசைக்கிறது. திரவம் சுருங்காது என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. உள்ளே காற்று புகுந்தால் காற்று சுருங்கிக்கொள்ளும்; பெடலின் அசைவில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக அடித்துவிட்டுக் கியர் போட்டால் எளிதாக விழுகிறதா? அப்படியானால் கோளாறு இந்த ஆயில் பாதையில்தான் இருக்கிறது. ஏர் எடுத்தால் சரியாகலாம். ஆனால் மூடிய பாதைக்குள் காற்று எந்த வழியாக வந்தது என்று பார்க்காமல் ஏர் மட்டும் எடுத்தால், சில வாரத்தில் மறுபடி அதே நிலைக்கு வரும்.

கோயம்புத்தூரில் ஒரு சிறிய பட்டறையில் இதைக் கண்டுபிடிக்கும் முறையை அருகிலிருந்து பார்த்தேன். வயதான மெக்கானிக் பானெட்டைத் திறந்து, ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைப் பின்னால் தள்ளி, ராடு வெளிவரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். "தம்பி, முழுசா மிதிச்சுப் புடி. சொல்ற வரைக்கும் விட்றாதே." உள்ளே உட்கார்ந்திருந்த பையன், "புடிச்சிருக்கேன்ணா" என்றான். ராடு சரியான தூரம் வெளியே வந்தது. அவர் டார்ச்சை அசைக்காமல் பிடித்திருந்தார். சற்று நேரத்தில் கோடு மெல்ல, கண்ணுக்குத் தெரியும்படி, திரும்ப உள்ளே நகர ஆரம்பித்தது. "கால எடுத்தியா?" "இல்லண்ணா, தரையிலதான் இருக்கு." அவர் வண்டிக்காரரைப் பார்த்து, "கியர்பாக்ஸ் ஒண்ணும் ஆகலீங்க. மாஸ்டர் சிலிண்டர் சீல் போயிருச்சு" என்றார்.

பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே, மாஸ்டர் சிலிண்டருக்குள் தேய்ந்த சீலைத் தாண்டி ஆயில் பின்பக்கம் நழுவுகிறது. அழுத்தம் குறைகிறது, ராடு பின்வாங்குகிறது, கிளட்ச் மெல்ல மீண்டும் பிடிக்கிறது. சிக்னலில் முதலில் நின்று, பிறகு ஊரும் வண்டிக்குக் காரணம் இதுதான். இந்தக் கசிவு வெளியில் ஒரு சொட்டும் சிந்தாது. ஆயில் மட்டமும் குறையாது. அதனால்தான் இது எளிதில் தப்பித்துவிடுகிறது. வெளிக்கசிவாக இருந்தால் அடையாளங்கள் வேறு: பெடலுக்கு மேலே ராடு புகும் இடம் ஈரமாக இருக்கும், அல்லது ஸ்லேவ் சிலிண்டரின் உறையை விலக்கினால் உள்ளே ஆயில் தேங்கியிருக்கும்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் உண்டு. பல கார்களில் கிளட்சும் பிரேக்கும் ஒரே ஆயில் டப்பாவிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. அந்த டப்பாவில் கிளட்சுக்கான குழாய்வாய் பிரேக்குக்கானதைவிட உயரத்தில் இருக்கும். கசிவு வந்தால் முதலில் கிளட்ச் வறண்டு போகட்டும், பிரேக்குக்கு ஆயில் மிஞ்சட்டும் என்ற முன்யோசனை அது. ஆகவே, அப்படிப்பட்ட காரில் திடீரென்று கியர் இறுகினால், பிரேக் ஆயில் எங்கோ வெளியேறிக்கொண்டிருப்பதன் முதல் அறிவிப்பாகவும் அது இருக்கலாம். பானெட்டைத் திறந்து டப்பாவின் மட்டத்தைப் பார்க்காமல் அந்த வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

கேபிள் கிளட்ச் உள்ள கார்களில் கதை சிறியது. கேபிள் நீண்டிருக்கும், இழைகள் ஒன்றிரண்டு அறுந்திருக்கும், அல்லது அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்து பெடலில் வெற்று அசைவு கூடியிருக்கும். சரியாக அட்ஜஸ்ட் செய்தும் சில நாளில் மறுபடி தளர்ந்தால் கேபிள் அறுந்துகொண்டிருக்கிறது. மாற்றிவிடுவதுதான் நல்லது.

பெடல் கனமாக இருப்பதையும் கியர் இறுக்கமாக இருப்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிளட்ச் பிளேட் தேயத் தேய டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் நிலை மாறுகிறது. அதனால் பெடல் கனக்கும். அது தேய்மானத்தின் அடையாளம். அந்தத் தேய்மானம் முற்றினால் கிளட்ச் வழுக்கும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி வேகமெடுக்காது. கியர் இறுக்கம் இதற்கு நேர் எதிர்: பிடிக்கக் கூடாத நேரத்தில் கிளட்ச் பிடித்திருக்கிறது. வழுக்கும் கிளட்சுக்குப் புது பிளேட் தீர்வு. விலகாத கிளட்சுக்குப் புது பிளேட் போட்டால், ஆயில் பாதையில் கோளாறு அப்படியே இருக்க, செலவு மட்டும் மிஞ்சும்.

ராடு முழுத் தூரம் வந்து, பின்வாங்காமல் நின்று, அப்படியும் ரிவர்ஸ் கடித்தால்தான் கோளாறு, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கு உள்ளே. பிளேட் வளைந்திருக்கலாம், ஷாஃப்டின் ஸ்ப்ளைன் பள்ளங்கள் துருப்பிடித்துப் பிளேட் நகர முடியாமல் ஒட்டியிருக்கலாம், பின்சக்கர இயக்க வண்டியாக இருந்தால் எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலின் நடுவிலுள்ள பைலட் பேரிங் இறுகி ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டிருக்கலாம். அப்போது கியர்பாக்ஸை இறக்குவது நியாயமான செலவு. ஸ்லேவ் சிலிண்டர் ஷாஃப்டைச் சுற்றி உள்ளேயே பொருத்தப்பட்ட கார்களும் இப்போது நிறைய உண்டு. அவற்றில் ராடைப் பார்க்க வழியில்லை. பெடலை அடித்துப் பார்ப்பதும் சிக்னல் சோதனையும்தான் துணை.

எஞ்சினை அணைத்த பிறகும் எல்லாக் கியர்களும் இறுக்கமாகவே இருந்தால் கிளட்சைத் தொடவே வேண்டாம். முன்சக்கர இயக்கக் கார்களில் லிவரிலிருந்து கியர்பாக்ஸுக்கு வழக்கமாக இரண்டு கேபிள்கள் போகும்: ஒன்று பக்கவாட்டு அசைவுக்கு, மற்றது முன்பின் அசைவுக்கு. அவற்றின் முனையிலுள்ள பிளாஸ்டிக் புஷ் உடைந்தால் லிவர் கொழகொழத்துக் கியர் தேட வேண்டியிருக்கும். கேபிளின் உறைக்குள் நீர் இறங்கித் துருப்பிடித்தால் இறுகும். எதில் கோளாறு என்பதற்கு ஊகம் தேவையில்லை. கியர்பாக்ஸ் முனையில் கேபிள்களைக் கழற்றிவிட்டு, அங்குள்ள சிறிய ஆர்மைக் கையால் அசைத்துப் பார்த்தால் போதும். அது எளிதாக அசைந்து, காருக்குள் லிவர் மட்டும் இறுகினால் கேபிள்தான். எஞ்சின் மவுண்டிங் உடைந்த வண்டிகளில், ஆக்சிலேட்டரை அழுத்தும்போது எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே சாய்ந்து கேபிளை இழுக்கும். நின்றால் எளிது, ஓட்டத்தில் இறுக்கம் என்றால் மவுண்டிங்கையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

அடுத்தது எண்ணெய். உதகையிலோ கொடைக்கானலிலோ மார்கழிக் காலையில் வண்டியை எடுத்தால் முதல் சில கிலோமீட்டர் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். பிறகு தானாகச் சரியாகிவிடும். குளிரில் கியர் ஆயில் தடித்திருக்கிறது. கூம்பும் வளையமும் உரச வேண்டுமானால் நடுவிலுள்ள எண்ணெய்ப் படலம் முதலில் விலக வேண்டும். அதற்காகவே வளையத்தின் உட்புறத்தில் நுண்ணிய வரிப்பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். தடித்த எண்ணெய் அவற்றின் வழியே மெல்லத்தான் வெளியேறும். சூடானதும் சரியாகும் இறுக்கம் என்றால் எண்ணெயைப் பாருங்கள். சூடான பிறகு, நெரிசலில் ஊர்ந்த பிறகு மட்டும் வரும் இறுக்கம் என்றால் கிளட்சைப் பாருங்கள்.

எண்ணெயில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கடையில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இரண்டு தரம் இருக்கும். எண் கூடினால் தரம் கூடும் என்று நினைத்து ஐந்தை வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். ஜிஎல்-5 டிஃபரென்ஷியலில் கடும் அழுத்தத்தில் வழுக்கி உரசும் ஹைபாய்டு பற்களுக்காக வந்தது. கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் அதில் அதிகம். சிங்க்ரோவுக்கு வேண்டியதோ அளவான உராய்வு. அதிகம் வழுக்கும் எண்ணெயில் வளையம் பிடிக்காது, கியர் கடிக்கும். அந்தச் சேர்மானங்களில் சில நாளடைவில் பித்தளையையும் அரிக்கக்கூடும். சில கார்கள் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான மெல்லிய எண்ணெயையே மேனுவலிலும் கேட்கும். வண்டிக் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். இதில் சொந்த யோசனை வேண்டாம்.

மற்றக் கியர்கள் எல்லாம் நன்றாக இருந்து, ஒரே ஒரு கியர் மட்டும் மறுத்தால் கிளட்ச் நிரபராதி. கிளட்ச் எல்லாக் கியருக்கும் பொது. கோளாறு ஒரு கியரில் மட்டும் வந்தால் அந்தக் கியரின் சிங்க்ரோவில்தான் இருக்கும். முதலில் பலியாவது பெரும்பாலும் இரண்டாவது கியர். முன்பு போட்ட கணக்கைப் பாருங்கள்: முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையிலுள்ள வேகத் தாவல்தான் மிகப் பெரியது. நகரத்தில் நாள் முழுக்க ஏறுவதும் இறங்குவதும் அந்தக் கியரில்தான். இதனால்தான் பல நிறுவனங்கள் முதல் இரண்டு கியர்களுக்கு மட்டும் இரட்டை, மும்மைக் கூம்பு வைக்கின்றன. வேகமாக மாற்றினால் கடித்து, நிதானமாக மாற்றினால் விழும் இரண்டாவது கியருக்கு வளையம் தேய்ந்திருக்கிறது. வளையத்துக்கும் சக்கரத்தின் பற்களுக்கும் இடையே புதிதில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். கூம்பு தேயத் தேய வளையம் உள்ளே இறங்கி அந்த இடைவெளி குறையும். பிரித்த பிறகு ஃபீலர் கேஜ் வைத்து அளந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. கியர் விழுந்தபின் தானாக நியூட்ரலுக்கு வந்துவிட்டால் ஸ்லீவின் பற்களோ ஃபோர்க்கோ தேய்ந்திருக்கிறது. லிவரின் மேல் எப்போதும் கையை வைத்துக்கொண்டு ஓட்டுவதை அனுபவசாலி ஓட்டுநர்கள் கண்டிப்பது இதனால்தான். அந்தக் கையின் எடை ஃபோர்க்கை ஓயாமல் ஸ்லீவின் மேல் உரச வைக்கிறது.

ரிவர்ஸ் போடுமுன் ஒருமுறை முதல் கியரைத் தொட்டுவிட்டு வரும் பழக்கம் நம் ஓட்டுநர்களிடம் உண்டு. அது வெறும் சடங்கு அல்ல. முதல் கியரின் சிங்க்ரோ இன்புட் ஷாஃப்டைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. பிறகு ரிவர்ஸ் கடிக்காமல் விழுகிறது. நல்ல பழக்கம். ஆனால் சோதனையின்போது அதைச் செய்யக் கூடாது. கிளட்சின் குற்றத்தை அது மறைத்துவிடும்.

நம் ஊருக்கென்று ஒரு காரணமும் இருக்கிறது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. பெல் ஹவுசிங்குக்குள் நீர் புகுந்து வண்டி சில நாள் அப்படியே கிடந்தால், வார்ப்பிரும்பு ஃப்ளைவீலில் துரு படர்ந்து கிளட்ச் பிளேட்டை அதோடு ஒட்டிவிடும். பெடல் முழுதாக வேலை செய்யும். பிரஷர் பிளேட் விலகும். ஆனால் பிளேட் ஃப்ளைவீலை விட்டு வராது. எஞ்சின் அணைந்தால் எல்லாக் கியரும் விழும், ஓடினால் ஒன்றும் விழாது. கியர்பாக்ஸின் காற்றுத் துவாரம் வழியாக நீர் எண்ணெயிலும் கலந்திருக்கக்கூடும். ட்ரெயின் நட்டைத் திறந்து பார்க்கும்போது எண்ணெய் வெளுத்துக் கலங்கலாக வந்தால், உடனே மாற்றாமல் ஒரு கிலோமீட்டரும் ஓட்டக் கூடாது. பேரிங்குகள் துருப்பிடித்துவிடும்.

கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி கார் வைத்திருப்பவர்கள் இது தங்களுக்கில்லை என்று நினைக்க வேண்டாம். 2014-இல் மாருதி செலிரியோ வழியாக இந்தியாவில் பரவத் தொடங்கிய அந்த முறையில், உள்ளே இருப்பது இதே கிளட்ச், இதே சிங்க்ரோ. காலுக்கும் கைக்கும் பதில் ஆக்சுவேட்டர் வேலை செய்கிறது. அங்கே இறுக்கத்தை உணரக் கை இல்லை. கியர் விழத் தாமதமும், டேஷ்போர்டில் எச்சரிக்கையும்தான் அறிகுறி.

எல்லாச் சோதனைகளும் உள்ளேதான் கோளாறு என்று காட்டி, கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டுமென்றால், இறக்கிய கையோடு சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். ரிலீஸ் பேரிங்கைக் கையால் சுற்றி, கரகரப்பு இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஸ்ப்ளைன்களைத் துடைத்து மிக மெல்லிய கிரீஸ் பூச்சு கொடுக்கச் சொல்லுங்கள். அதிகம் பூசினால் அது சிதறிப் பிளேட்டில் ஒட்டும். இன்புட் ஷாஃப்ட் சீல், எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் இரண்டிலும் கசிவு இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கிளட்ச் பிளேட்டின் எந்த முகம் ஃப்ளைவீல் பக்கம் என்று அதிலேயே குறித்திருக்கும்; திருப்பி மாட்டிவிட்டால் புது பிளேட்டும் விலகாது. ஏற்றி முடித்ததும் பணம் கொடுக்குமுன் எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை மிதித்துப் பத்து விநாடி காத்து, ரிவர்ஸைப் போட்டுப் பாருங்கள். பிறகு அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டி, சூடான வண்டியில் அதையே இன்னொரு முறை செய்யுங்கள்.